கிரேக்க நகரங்களில் பிள்ளைகளை வளர்த்தது யார்?

"ஏதென்ஸ் என்றால் அறிவு, ஸ்பார்ட்டா என்றால் வீரம். பள்ளியில் இப்படித்தான் படித்தோம். உண்மையில் கிரேக்க நகர அரசுகள் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிக் கல்வி கொடுத்தன? மற்ற ஊர்களில் பள்ளிகள் இருந்தனவா? பெண்பிள்ளைகள் படித்தார்களா?" இதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். அந்த இரண்டு வரிப் பாடத்துக்குள் அடங்காத விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் ஒன்று. அந்தக் காலத்தில் கிரேக்கம் என்று ஒரு நாடு கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறிய நகர அரசுகள் இருந்தன. கருங்கடல் கரையிலிருந்து சிசிலி வரை, ஆப்பிரிக்காவின் வடகரை வரை அவை பரவிக் கிடந்தன. ஒவ்வொரு ஊருக்கும் தனிச் சட்டம், தனி நாட்காட்டி, தனி வழக்கம். பெரும்பாலான ஊர்களின் பள்ளிகளைப் பற்றி யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை. அங்கே பள்ளி இருந்தது என்பதே நமக்குப் பல நேரம் ஒரு துயரச் செய்தியின் வழியாகத்தான் தெரிய வருகிறது.

கியோஸ் தீவை எடுத்துக்கொள்வோம். கி.மு. 494-இல் நடந்த கடற்போருக்குச் சற்று முன்பு, அங்கே எழுத்துப் படித்துக்கொண்டிருந்த 120 பிள்ளைகள் மேல் கூரை இடிந்து விழுந்தது, ஒரே ஒரு பிள்ளைதான் பிழைத்தது என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அதே காலத்தில் அஸ்டிபாலையா என்ற குட்டித் தீவில், ஒலிம்பிக் பரிசு பறிபோன ஆத்திரத்தில் புத்தி பேதலித்த ஒரு குத்துச்சண்டை வீரர் பள்ளியின் தூணைப் பிடித்து இழுத்ததாகவும், உள்ளே அறுபது பிள்ளைகள் வரை இருந்ததாகவும் ஒரு கதை உண்டு. கி.மு. 413-இல் நடந்தது கதையல்ல. போயோட்டியாவில் மிக்கலேசஸ் என்ற சிற்றூர்மேல் திரேசியக் கூலிப்படை விடியற்காலையில் பாய்ந்தது. அப்போதுதான் பள்ளிக்குள் நுழைந்திருந்த பிள்ளைகளை ஒருவர் விடாமல் வெட்டிப் போட்டது. அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அதை எழுதும்போது, அந்த ஊரிலேயே பெரிய பள்ளி அது என்கிறார். அப்படியானால் அந்தச் சின்ன ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இருந்திருக்கின்றன! அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.

சரி, ஊர்கள் எதில் வேறுபட்டன? என் பார்வையில், அறிவா வீரமா என்பதில் அல்ல. பிள்ளை யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவை சொன்ன பதிலில்தான். ஏதென்ஸ், தந்தையின் பொறுப்பு என்றது. ஸ்பார்ட்டா, நகரத்தின் பொறுப்பு என்றது. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

ஏதென்ஸில் அரசு நடத்திய பள்ளி கிடையாது. ஆசிரியர் சம்பளத்தைத் தந்தைதான் கொடுக்க வேண்டும். மகனுக்கு ஒரு தொழிலும் கற்றுத் தராத தந்தையை, முதுமையில் அந்த மகன் காப்பாற்ற வேண்டியதில்லை என்று ஏதென்ஸின் பழைய சட்ட வல்லுநர் சோலோன் சட்டம் செய்ததாகப் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். பள்ளியைச் சூரிய உதயத்துக்கு முன் திறக்கக் கூடாது, அஸ்தமனத்துக்கு முன் மூடிவிட வேண்டும் என்றும் ஒரு சட்டம் இருந்தது. இருட்டில் பிள்ளைகள் பெரியவர்களிடம் தனியாக இருக்கக் கூடாது என்ற கவலைதான் காரணம். என்ன கற்பிக்க வேண்டும் என்பதில் நகரம் தலையிடவில்லை.

ஏழு வயதை ஒட்டிப் பையன் பள்ளிக்குப் போகத் தொடங்குவான். கூடவே ஒரு அடிமை போவார். பையனின் யாழையும் பலகையையும் தூக்கிக்கொண்டு போவது, தெருவில் காவல் காப்பது, நடை உடை பார்ப்பது, தப்பு செய்தால் அடிப்பது எல்லாம் அவர் வேலை. பைடகோகோஸ் என்று அவருக்குப் பெயர். பிள்ளையை நடத்திச் செல்பவர் என்று பொருள். கற்பித்தல் கலையைக் குறிக்கும் 'பெடகாஜி' என்ற சொல் இன்று உலகமெல்லாம் புழங்குகிறது. அதன் வேர் இந்த அடிமையின் வேலைப் பெயர்தான். அவர் பெற்ற பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்கள் மூன்று வகை. எழுத்து சொல்லித் தருபவர், யாழ் சொல்லித் தருபவர், உடற்பயிற்சி சொல்லித் தருபவர். பெரும்பாலும் மூவருக்கும் தனித்தனி இடம், தனித்தனிக் கூலி. பெர்லின் அருங்காட்சியகத்தில் டூரிஸ் என்ற ஓவியர் தீட்டிய ஒரு மதுக் கிண்ணம் இருக்கிறது, கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதைச் சுற்றிலும் பள்ளிக் காட்சிகள். ஆசிரியரும் பையனும் எதிரெதிரே உட்கார்ந்து யாழ் மீட்டுகிறார்கள். இன்னொரு ஆசிரியர் கையில் பாட்டு எழுதிய சுருள். அவர் முன்னால் பையன் கைகட்டி நிற்பதுபோல் ஆடைக்குள் கையை மறைத்துக்கொண்டு நிற்கிறான். ஓரமாகக் கோலூன்றிய ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பைடகோகோஸாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு பழமையான அந்தப் பையனின் நிற்கும் விதம் நமக்கு அந்நியமாகவே தெரியாது.

எழுத்து கற்ற முறையும் அப்படித்தான். முதலில் 24 எழுத்துகளின் பெயர்கள், ஆல்பா முதல் ஒமேகா வரை. அப்புறம் எழுத்துக் கூட்டல்: மெய்யோடு ஒவ்வோர் உயிராகச் சேர்த்து பா, பே, பி என்று ராகமாக ஒப்பிப்பது. அப்புறம் சொற்கள். மெழுகு பூசிய மரப்பலகையில் எழுத்தாணியால் எழுதுவார்கள். தப்பானால் ஆணியின் தட்டையான மறுமுனையால் தேய்த்துவிடலாம். கை இன்னும் பழகாத பிள்ளைக்கு ஆசிரியர் மெல்லிய கோடுகளைக் கீறித் தருவார் என்று பிளேட்டோ குறிப்பிடுகிறார். எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் என்ற நாணல்தாள் விலை அதிகம். எழுதிப் பழக அதை யாரும் கொடுக்கமாட்டார்கள். உடைந்த பானை ஓடுகளே போதும்.

எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் நேராக ஹோமர்தான். அவருடைய காவியங்களான இலியட்டையும் ஒடிசியையும் பகுதி பகுதியாக மனப்பாடம் செய்ய வேண்டும். தளபதி நிக்கியாஸ் தன் மகனை நல்ல மனிதனாக்க நினைத்து இரண்டையும் முழுக்க மனப்பாடம் செய்ய வைத்தார், பெரியவனான பிறகும் மகனால் இரண்டையும் அப்படியே சொல்ல முடிந்தது என்கிறார் எழுத்தாளர் செனோஃபோன். இரண்டும் சேர்ந்தால் 27,000 வரிகளுக்கு மேல். சட்டம், அறம், கடவுள், போர், விருந்தோம்பல் என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ஒரு கிரேக்கர் ஹோமரின் வரியைத்தான் எடுப்பார். பள்ளிப் பாடம் வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்தது.

எத்தனை ஆண்டு படிப்பு? அது அப்பாவின் பணப்பையைப் பொறுத்தது. பணக்காரர்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்து எல்லோருக்கும் பின்னால் வெளியேறுகிறார்கள் என்று பிளேட்டோவே எழுதியிருக்கிறார். ஏழைப் பையன் பெயரெழுதத் தெரிந்ததும் அப்பாவின் பட்டறைக்குப் போய்விடுவான். அந்தப் பெயரெழுதும் அறிவு வாக்களிக்கவும் தேவைப்பட்டது. ஒருவரைப் பத்தாண்டு ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமென்றால் ஏதென்ஸ் குடிமக்கள் பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளீஸின் பெயர் பொறித்த 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தை ஆராய்ந்தபோது 14 பேர்தான் அத்தனையையும் எழுதியிருந்தார்கள். எதிரணியினர் முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. எழுதத் தெரியாத குடிமக்களுக்கும் அப்படிப்பட்ட ஓடு கைகொடுத்திருக்கும்.

இவ்வளவு கல்வியைப் பேசிய ஊர், எழுத்தறிவித்தவரை உயர்வாக வைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. கி.மு. 330-இல் நீதிமன்றத்தில் பேச்சாளர் டெமோஸ்தனீஸ் தன் அரசியல் எதிரி எஸ்கினீஸை அவமானப்படுத்த எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? நீ சின்ன வயதில் உன் அப்பாவோடு பள்ளியில் மை அரைத்தாய், பெஞ்சு துடைத்தாய், தரை கூட்டினாய் என்பதுதான். ஆசிரியர் மகன் என்பதே ஏளனமாக இருந்திருக்கிறது.

ஆனாலும் எந்த நிலையிலும் பிள்ளைகளின் படிப்பு நிற்கக் கூடாது என்ற எண்ணம் கிரேக்கர்களிடம் ஆழமாக இருந்தது. கி.மு. 480-இல் பாரசீகப் படை வந்தபோது ஏதென்ஸ் மக்கள் ஊரையே காலி செய்தார்கள். பெண்களும் குழந்தைகளும் கடல் தாண்டி டிரோசென் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊர்ச்சபை அகதிகளுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 2 ஓபோல் (சிறிய வெள்ளிக் காசு) கொடுக்கத் தீர்மானித்தது. குழந்தைகள் எந்தத் தோட்டத்திலும் பழம் பறித்துத் தின்னலாம் என்றது. அதோடு அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர்களுக்கும் தானே கூலி கொடுத்தது. கிரேக்க வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த தீர்மானம் இது. இதற்கு நேர் எதிரான செய்தியும் உண்டு. மித்திலீன் நகரம் கடலாதிக்கத்தில் இருந்த காலத்தில், தன்னை எதிர்த்துக் கிளம்பிய கூட்டாளி ஊர்களுக்கு ஒரு தண்டனை வைத்திருந்ததாம். அந்த ஊர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தும் இசையும் கற்பிக்கக் கூடாது. இதைவிடக் கொடிய தண்டனை இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள்.

இசை என்று சொன்னேன். இதை நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கிரேக்கர்களுக்குக் கவிதை, பாட்டு, ஆட்டம் மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கும். குழுவில் ஆடிப்பாடிப் பழகாதவன் கல்லாதவன் என்று பிளேட்டோ முதுமையில் எழுதினார். ஏதென்ஸில் ஆண்டுதோறும் டயோனிசஸ் திருவிழாவில் 10 குலங்களிலிருந்தும் குலத்துக்கு 50 பையன்களாக 500 பேர் மேடையேறிப் பாடி ஆடினார்கள். பல மாதப் பயிற்சிக்கான செலவை ஒரு பணக்காரர் ஏற்க வேண்டும். பையன்களுக்குப் பொறுப்பேற்பவர் 40 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும் என்று சட்டம். கி.மு. 419 வாக்கில் அப்படிப் பயிற்சி எடுத்த ஒரு பையனுக்குக் குரல் இனிமையாகட்டும் என்று ஏதோ மருந்தைக் கொடுக்க, அவன் இறந்துபோனான். செலவை ஏற்றவர்மேல் வழக்கு நடந்தது. அவருக்காக எழுதிய வாதுரை இன்றும் இருக்கிறது. தன் வீட்டிலேயே பயிற்சிக் கூடம் அமைத்ததையும், பிள்ளைகளை எப்படித் திரட்டினார் என்பதையும் அதில் சொல்கிறார். ஏதென்ஸ் நகரம் பையன்களின் கல்வியில் நேராகக் கைவைத்த இடம் என்றால் இந்த ஆடுகளத்தைத்தான் சொல்வேன். போரில் தந்தையை இழந்த பிள்ளைகளை நகரமே வளர்த்ததும், 18 வயது இளைஞர்களுக்கு இரண்டாண்டுப் படைப்பயிற்சி கொடுத்ததும் அடுத்து வருபவை. அந்தப் பயிற்சியில் முதலாண்டு பிரேயஸ் துறைமுகக் காவல்; அதன் முடிவில் நகரம் கேடயமும் ஈட்டியும் கொடுக்கும்; அடுத்த ஆண்டு எல்லைக் காவல்.

உயர்கல்வி முழுக்க முழுக்கச் சந்தைதான். ஐசோகிரட்டீஸ் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் பேச்சுக்கலை படிக்கக் கட்டணம் 1,000 திராக்மா. அன்றைய கைத்தொழிலாளியின் நாட்கூலி ஒரு திராக்மாவை ஒட்டியது. காசு வாங்காமல் தெருவில் பேசிய சாக்ரடீஸைத்தான், இளைஞர்களைக் கெடுத்தார் என்று சொல்லி கி.மு. 399-இல் கொன்றார்கள். பிள்ளை தந்தையின் பொறுப்பு என்றிருந்த ஊரில், அந்தக் குற்றச்சாட்டு ஒவ்வொரு தந்தையின் பயத்தையும் தொட்டிருக்கும்.

ஸ்பார்ட்டாவுக்கு வருவோம். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த ஸ்பார்ட்டாக் கதைகளில் பாதி, கி.பி. 100-ஐ ஒட்டி எழுதிய புளூட்டார்க் தந்தவை. நேரில் பார்த்த செனோஃபோன் எழுதியதும் இருக்கிறது, ஆனால் அவர் அந்த ஊரின் ரசிகர். பலவீனமான பச்சைக் குழந்தைகளை மலையிடுக்கில் போட்டார்கள் என்ற கதைக்குச் செனோஃபோனிடம் ஆதாரமில்லை. புளூட்டார்க் மட்டுமே சொல்கிறார்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. ஏழு வயதில் பையனை நகரம் எடுத்துக்கொள்ளும். வயதுவாரியாகக் குழுக்கள். எல்லோருக்கும் மேலே, பிள்ளைகளுக்கென்றே நியமித்த ஓர் அதிகாரி. செனோஃபோன் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார்: மற்ற ஊர்க்காரர்கள் பிள்ளையை ஓர் அடிமையிடம் ஒப்படைக்கிறார்கள், ஸ்பார்ட்டா தன் உயர்ந்த பதவிகளை வகிக்கத் தகுந்த ஒருவரிடம் ஒப்படைத்தது. அவர் இல்லாத இடத்தில் வழியில் போகும் எந்தக் குடிமகனும் எந்தப் பையனையும் கண்டிக்கலாம், அடிக்கலாம். அடி வாங்கியவன் வீட்டில் போய்ச் சொன்னால், அப்பா இன்னும் இரண்டு போடாவிட்டால் அவருக்குத்தான் அவமானம். குழுவைப் பார்த்துக்கொள்ள இருபது வயதை ஒட்டிய இளைஞன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருப்பான். செருப்பு கிடையாது. வருடம் முழுக்க ஒரே மேலாடை. படுக்கை யூரோட்டாஸ் ஆற்றங்கரை நாணலில், அதையும் கத்தியில்லாமல் கையாலேயே ஒடித்துக்கொண்டு வர வேண்டும். சாப்பாடு அரைவயிற்றுக்கு. மீதியைத் திருடிக்கொள்ளலாம், மாட்டிக்கொண்டால் அடி. திருடியதற்காக இல்லை, சரியாகத் திருடத் தெரியாததற்காக. ஆர்ட்டெமிஸ் ஓர்த்தியா என்ற பெண்தெய்வத்தின் பலிபீடத்தில் பாலாடைக்கட்டியைத் திருடும் சடங்கு ஒன்று இருந்தது. ரோமானியர் காலத்தில் அது வெறும் சாட்டையடியாக மாறி, வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் அங்கே அரங்கமே கட்டினார்கள். இந்தக் கடைசிக்காலக் காட்சியைத்தான் பலரும் பழைய ஸ்பார்ட்டா என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எழுத்து? தேவையான அளவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டு மட்டும் ஏராளம். திருவிழாவில் மூன்று குழுக்கள் நிற்கும். ஒரு காலத்தில் நாங்கள் வீரர்களாக இருந்தோம் என்று முதியவர்கள் பாடுவார்கள். இன்று நாங்கள் இருக்கிறோம், வேண்டுமானால் சோதித்துப் பார் என்று இளைஞர்கள். உங்களைவிடப் பெரிய வீரர்களாக வருவோம் என்று சிறுவர்கள். கி.மு. 371-இல் லூக்ட்ராப் போரில் ஸ்பார்ட்டா தீப்ஸ் நகரத்திடம் தோற்றுப்போன செய்தி ஊருக்கு வந்தபோது ஒரு திருவிழாவின் கடைசி நாள். ஆண்கள் குழு பாடிக்கொண்டிருந்தது. ஆட்சியாளர்கள் பாட்டை நிறுத்தவில்லை. பாடி முடிக்க விட்டுவிட்டு, இறந்தவர்களின் பெயர்களை உறவினர்களுக்குத் தெரிவித்தார்கள்.

அந்தப் போரில் களமிறங்கிய முழுக்குடிமக்கள் 700 பேர், விழுந்தவர்கள் 400 பேர். நூறாண்டுக்குச் சற்று முன் ஹெரோடோட்டஸ் கணக்கில் அவர்கள் 8,000 பேர். அரிஸ்டாட்டில் காலத்தில் ஆயிரம்கூட இல்லை. இதற்கும் கல்விக்கும் நேரான தொடர்பு உண்டு. பயிற்சி முடித்தவன் பொது உணவுக்கூடத்தில் சேர வேண்டும், மாதாமாதம் தன் பங்குக்கு வாற்கோதுமை, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் கொடுக்க வேண்டும். நிலம் கைமாறிப் பங்கு கொடுக்க முடியாமல் போனவன் குடியுரிமையை இழந்தான். அந்த நிலத்தில் உழைத்தவர்களோ அடிமைப்பட்ட ஹெலட் மக்கள். அவர்கள் எந்த நேரமும் கிளர்ந்தெழலாம் என்ற பயம்தான் அந்தக் கல்வியின் அடித்தளம். பிள்ளைகளை நகரம் பொறுப்பேற்றுக்கொண்டதற்காக ஸ்பார்ட்டாவைப் பாராட்டிய அரிஸ்டாட்டில், அவர்களை மிருகம்போல் ஆக்கிவிட்டது என்றும், போர் இல்லாத நேரத்தில் எப்படி வாழ்வதென்று சொல்லித் தரவில்லை என்றும் குறை சொன்னார். நான் அவர் பக்கம்தான்.

மற்ற ஊர்களில், கிரீட் தீவில் பிள்ளைகள் ஆண்களின் பொது உணவுக்கூடத்தில் அழுக்கு ஆடையோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எழுத்தோடு, சட்டங்களைப் பாட்டாகவே படித்தார்கள். தீப்ஸ் ஊருக்குக் குழலிசை உயிர். லூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவை வென்ற எபமினோண்டாஸ் யாழும் குழலும் ஆட்டமும் கற்றவர். ஆர்க்கேடியா மலைநாட்டில் 30 வயதுவரை இசைப்பயிற்சி கட்டாயம். அந்த மண்ணிலேயே பிறந்த வரலாற்றாசிரியர் பாலிபியஸ் காரணமும் சொல்கிறார்: குளிரும் கடும் உழைப்பும் மனிதரைக் கல்லாக்கிவிடும், அதைக் கரைக்கத்தான் முன்னோர் பாட்டை வைத்தார்கள். கினைத்தா என்ற ஊர் மட்டும் பாட்டைக் கைவிட்டது, அதனால்தான் அங்கே அத்தனை ரத்தம் சிந்தியது என்பது அவர் முடிவு.

பெண்பிள்ளைகள்? ஏதென்ஸில் பள்ளி இல்லை. நூல் நூற்பது, நெய்வது, வீட்டுக் கணக்கு, எல்லாம் அம்மாவிடம். பதினைந்து வயது ஆவதற்குள் கல்யாணம். ப்ராரோன் கோயிலில் சிறுமிகள் ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குக் கரடிகளாக ஆடும் சடங்கு, அவர்கள் வெளியே வந்து ஓடி ஆடக் கிடைத்த சில வாய்ப்புகளில் ஒன்று. ஸ்பார்ட்டாவில் பெண்பிள்ளைகள் ஓடினார்கள், மல்யுத்தம் செய்தார்கள், ஈட்டி எறிந்தார்கள். வலுவான தாய்க்கு வலுவான பிள்ளை பிறக்கும் என்பது நகரத்தின் கணக்கு. ஆனாலும் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் கவிஞர் அல்க்மான் அவ்வூர்ப் பெண்பிள்ளைகள் பாடுவதற்காக எழுதிய பாட்டு ஒன்று எகிப்தில் 1855-இல் பாப்பிரஸ் துண்டாகக் கிடைத்தது. அகிடோ, ஹகேசிகோரா என்று தோழிகளின் பெயர் சொல்லி, ஒருத்தியின் அழகை இன்னொருத்தி வியந்து பாடும் அந்தக் குரலில் நகரத்தின் கணக்கு எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக, பாடப்புத்தகங்கள் தொடாத ஒரு பகுதி. அலெக்சாண்டருக்குப் பிறகு, ஆசியா மைனர் (இன்றைய துருக்கி) கரையோர ஊர்கள் தந்தைக்கும் நகரத்துக்கும் நடுவே ஒரு வழி கண்டன. கி.மு. 200-ஐ ஒட்டி மிலேட்டஸில் யூடெமோஸ் என்பவர் 10 தாலந்து வெள்ளியை, அதாவது 60,000 திராக்மாவை, பள்ளிக்காக ஊருக்குக் கொடுத்தார். அதன் வட்டியில் நான்கு எழுத்தாசிரியர்களுக்கு மாதம் 40 திராக்மா, நான்கு உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு மாதம் 30. ஆசிரியர்களை ஊர்ச்சபை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். வேலைக்காக யாரிடமும் சிபாரிசு தேடவில்லை என்று எழுத்தாசிரியர்கள் அப்பல்லோ மேலும் கலைத்தெய்வங்கள் மேலும் ஆணையிட வேண்டும். எல்லாம் கல்லில் வெட்டி நிறுத்தப்பட்டது.

அதே கரையோர ஊர்களில் ஒன்றான தியோஸில் பாலித்ரூஸ் என்பவர் 34,000 திராக்மா கொடுத்தார். அங்கே எழுத்தாசிரியர்கள் மூவர். வகுப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 600, 550, 500 திராக்மா. யாழாசிரியருக்கு 700. அந்தக் கல்வெட்டில் மூன்று எழுத்தாசிரியர்களும் யாருக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்பதையும் தெளிவாக வெட்டியிருக்கிறார்கள்: ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும்.